ஃபோர் வீல் போட்டா ஏறாத எடம் உண்டா?

ஜீப் வச்சிருக்கிறவனை ஊருல எல்லாரும் கேக்குறது மூணே மூணு கேள்விதாங்க. லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது? ஏ.சி. இருக்கா? இதை வச்சிக்கிட்டு என்னதான் பண்றே? முதல் ரெண்டுக்கும் பதில் சொன்னா மானம் போயிடும், அதனால விட்டுடறேன். மூணாவதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும். ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

என்னோடது பழைய மாருதி ஜிப்ஸி. நாலாவது கை. 1985ல வந்த வண்டி, முப்பது வருஷத்துக்கு மேல கிட்டத்தட்ட அதே முகத்தோட வித்துட்டு, 2019 வாக்கில பொதுச் சந்தையை விட்டே போயிடுச்சு. வீட்டம்மா கணக்குல இது வண்டியில சேராது, "அந்த டப்பா". உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும், பேசினா காது கேக்காது. ஆனா எடை கம்மி. சேத்துல எடை கம்மியா இருக்கிறதை விடப் பெரிய வரம் கிடையாது.

ஃபோர் வீல் டிரைவுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. சாதாரண கார்ல எஞ்சின் பலம் ரெண்டு சக்கரத்துக்குத்தான் போகும், மத்த ரெண்டும் கூடவே உருண்டுக்கிட்டு வரும். இதுல ஒரு சின்னக் கம்பியைத் தள்ளினா நாலுக்கும் போகும். இன்னொரு தள்ளு தள்ளினா "லோ". அப்ப எஞ்சின் கத்துற கத்தல் அதேதான், ஆனா வண்டி கிழவி மாதிரி மெதுவா, யானை மாதிரி பலமா நகரும். என் வண்டியில இதுக்கு முன்னாடி கீழ எறங்கிப் போய், முன்சக்கரத்தோட நடுவுல இருக்கிற திருகைக் கையால திருப்பணும். மழையில, முட்டி அளவு சேத்துல குனிஞ்சு அதைத் திருப்புறப்பதான் ஏண்டா வாங்கினோம்னு தோணும்.

இவ்ளோ இருந்தும் வண்டி மாட்டும். காரணம் டிஃபரென்ஷியல். வளைவுல உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்தறதுக்காக வச்ச ஏற்பாடு அது. தார் ரோட்டுல நல்ல பிள்ளை. சேத்துல துரோகி. ஒரு பக்கச் சக்கரம் பிடிமானம் இல்லாம வழுக்க ஆரம்பிச்சா, அதோட ஜோடிக்கும் பலம் போகாது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, குறுக்கா ரெண்டு சக்கரம் அந்தரத்துல தூக்கிக்கிச்சுன்னா, நாலு சக்கர வண்டி ஒரு அடி கூட நகராது. இது தெரியாமத்தான் பாதிப் பேர் ஆக்ஸிலேட்டரை மிதிச்சு மிதிச்சு வண்டியைப் புதைக்கிறாங்க.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தவர் ராணுவத்துல டிரைவரா இருந்து ஓய்வு வாங்கின ஒரு ஹவில்தார். பேரு போட்டா அவருக்குப் பிடிக்காது, அதனால ஹவில்தார் சார். ஜோங்கா ஓட்டினவர். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில நிசான் வடிவத்தை வச்சு 1999 வரைக்கும் செஞ்ச வண்டி அது. பேரே அந்தத் தொழிற்சாலையோட ஆங்கில முதலெழுத்துகளைச் சேத்து வச்சது. மஹாராஷ்டிராவுல இகத்புரியில மஹிந்திரா கம்பெனி ஆஃப்-ரோடு பயிற்சிக்குன்னே ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. அவ்ளோ தூரம் போய்ப் படிக்க நமக்கு வசதியும் இல்ல, லீவும் இல்ல. நமக்கு வாய்ச்சது சின்னசேலம் பக்கம் நண்பரோட மானாவாரிக் கொல்லை, அதோட ஓரத்துல ஒரு பழைய கல்லுக்குழி, குறுக்கே ஒரு ஓடை.

முதல் நாள் அஞ்சு பேர் போயிருந்தோம். அதுல ஒருத்தர் புதுசா தார் எடுத்தவர். கையோட கம்பெனிப் புத்தகமும் கொண்டு வந்திருந்தார். தரையிலேருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் தண்ணியில போகும்னு படிச்சுக் காட்டினார். சார் பொறுமையாக் கேட்டுட்டு, "தண்ணி என்ன வேகத்துல ஓடணும்னு அதுல போட்டிருக்கா தம்பி?"ன்னார். அதோட புத்தகம் மூடிடுச்சு.

ஒன்றரை மணி நேரம் வண்டியைத் தொடவே விடல. நடக்க விட்டார். கல்லுக்குழிக்குள்ள எறங்கி ஏறு, ஓடையைத் தாண்டு, குச்சியால ஆழம் பாரு, அடியில மணலா களியா காலால மிதிச்சுப் பாரு. நடந்து போக முடியாத எடத்துல வண்டியில போகாதேங்கிறது அவரோட முதல் விதி. வெள்ளம் ஓடற தரைப்பாலத்துல கார் அடிச்சிட்டுப் போற செய்தி ஒவ்வொரு மழைக்கும் வருதுல்ல? அவங்க யாரும் எறங்கி நடந்து பாத்திருக்க மாட்டாங்க.

அப்புறம் ஸ்டீயரிங். கட்டை விரலை உள்ளே மடக்கிப் பிடிக்கக் கூடாதாம். சக்கரம் கல்லுல மோதினா ஸ்டீயரிங் பொசுக்குனு திரும்பும், கம்பி விரல்ல அடிச்சு எலும்பை முறிச்சிடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டிகள்ல இது நெஜமாவே நடக்கிறது. இருபது வருஷமா வண்டி ஓட்டற எனக்கு இதை யாரும் சொன்னதில்ல. டிரைவிங் ஸ்கூல்ல நமக்கு எட்டு போடத்தானே சொல்லிக் குடுத்தாங்க?

அன்னிக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டது ஏத்தத்துல எஞ்சின் நின்னு போனா என்ன செய்யறதுன்னு. பாதி மேட்டுல நின்னுடுச்சு. கை கால் உதறும். உடனே மனசு என்ன சொல்லும்? வண்டியைத் திருப்பி எறங்கிடு. அதைத்தான் செய்யக் கூடாது. மேட்டுக்குக் குறுக்கா வண்டி நின்னா உருண்டுடும். பிரேக்கைக் கெட்டியா மிதி, ரிவர்ஸ் கியரைப் போடு, கிளட்சை விடு, எஞ்சினோட பிடியிலயே வந்த தடத்துல நேர் பின்னாடி எறங்கு. கேக்க சுலபம். 30 தடவை செய்ய வச்சார். வேணும்னே எஞ்சினை நிறுத்தி, நிறுத்தி. கடைசியில கை தானா ரிவர்ஸுக்குப் போச்சு. எறக்கத்துலயும் அதே கதைதான். லோவுல முதல் கியர், கிளட்சுல கால் வைக்காதே, பிரேக்கைச் சடார்னு மிதிக்காதே. சக்கரம் பூட்டிக்கிட்டா வண்டி பலகை மாதிரி சறுக்கும்.

சாயங்காலம் கயிறு. இழுக்கிற வேலையிலதான் ஆளுங்க சாகறாங்கன்னார். டிரெய்லர் மாட்டுற உருண்டையில கயிறைக் கட்டி இழுத்தா, அது பிச்சுக்கிட்டு பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். விஞ்ச் கம்பி அறுந்தா சாட்டை மாதிரி வரும். அதனால கம்பி மேல நடுவுல நனைஞ்ச சாக்கைப் போடணும், கயிறு நீளத்தை விட அதிக தூரத்துல எல்லாரும் தள்ளி நிக்கணும். யாரும் செல்போன்ல படம் பிடிக்கக் கிட்ட வரக்கூடாது. (தார் நண்பர் அப்ப படம்தான் பிடிச்சிக்கிட்டிருந்தார்.)

இனி மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், சராசரியா 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி வாக்கில. ஒரு பங்கு சேலம் மாவட்டத்துல கருமந்துறைப் பக்கம். இன்னொரு பங்கு முன்னாடி விழுப்புரம் மாவட்டத்துல இருந்தது, 2019 நவம்பர்லேருந்து புதுசாப் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துல இருக்கு. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை ஓரமா ஏறினா கரியாலூர், வெள்ளிமலை. சங்கராபுரம் பக்கத்துலேருந்து மூலக்காடு வழியா ஏறினா சேராப்பட்டு, இன்னாடு. ஊட்டி கொடைக்கானல் மாதிரி கூட்டம் இல்ல. அருவி உண்டு, மரவள்ளிக் காடு உண்டு, சாமை உண்டு, கடுக்காய் மரம் உண்டு. ஜீப் பைத்தியங்களுக்கு அங்க ஈர்ப்பே மெயின் ரோட்டுலேருந்து உள்ளே பிரியற செம்மண் தடங்கள்தான்.

அங்க இருக்கிறவங்க மலையாளிப் பழங்குடிகள். (கேரளாவுல இருக்கிற மலையாளி வேற, இவங்க வேற. இவங்க பேசறது தமிழ்.) ரொம்ப காலமா இந்த மலை மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்தது. அரசாங்கம் எடுத்துக்கிட்டது 1976ல. கீழ சுதந்திரம் வந்து கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சு! ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாமே அதுக்கப்புறம்தான் மெல்ல மெல்ல ஏறி வந்தது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அதுக்கப்புறம்தான் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மலை ஜனங்க நிலைமையைத் தானா முன்வந்து விசாரணைக்கு எடுத்துச்சு. முக்கிய ரோடெல்லாம் தார் போட்டாச்சு, பஸ் போகுது. உள்ளே தள்ளியிருக்கிற சில குக்கிராமங்களுக்கு மட்டும் இன்னும் மண் தடம்தான். பஸ் வராத எடத்துக்கு ஜீப்புதான் பஸ், ஜீப்புதான் ரேஷன் வண்டி, ஜீப்புதான் ஆம்புலன்ஸ்.

ஒரு ஐப்பசி மாசம், ரெண்டு நாள் மழை விட்டிருந்த சனிக்கிழமை, மூணு வண்டியில போனோம். என் ஜிப்ஸி, தார் நண்பர், இன்னொருத்தரோட பழைய மஹிந்திரா. கூட ஹவில்தார் சார். இன்னாடு தாண்டி ஒரு கிளைத் தடம். எந்த ஊருக்குப் போற தடம்னு எழுத மாட்டேன். எழுதினா அடுத்த வாரமே பத்து வண்டி அங்க நிக்கும். அரை கிலோமீட்டர் உள்ளே போனதும் ஒரு ஏத்தம், 60 அடி நீளம் இருக்கும். சிவப்புக் களி, அல்வா மாதிரி. நண்பர் கண்ணு மின்னுது. "இதுக்குத்தான்யா வந்தோம்"கிறார்.

சார் எல்லாரையும் எறங்கச் சொல்லி நடக்க ஆரம்பிச்சார். பாதி ஏறியிருப்போம், மேல ஒரு ஜீப் வந்து நின்னது. கூரை மேல மரவள்ளி மூட்டை, உள்ளே பதினாலு பேருக்குக் கொறையாது. டிரைவருக்கு அம்பது வயசு இருக்கும். அவர் ஒண்ணுமே சொல்லல, ஜனங்களே பழகின மாதிரி எறங்கினாங்க. கால்ல கட்டுப் போட்ட ஒரு பாட்டி மட்டும் உள்ளே. ரெண்டு பசங்க ஓரத்துல குவிச்சு வச்சிருந்த கல்லை எடுத்து வழுக்கற எடமாப் பாத்துப் போட்டாங்க. அந்தக் கல்லு அங்க வந்தது எப்படின்னு அப்பதான் புரிஞ்சது, அது நிரந்தரக் குவியல். வண்டி எறங்குச்சு. கத்தல் இல்ல, உறுமல் இல்ல, ஒரு பிடி மண்ணு தெறிக்கல. எல்லாரும் மறுபடி ஏறிக்கிட்டாங்க.

டிரைவர் எறங்கி வந்தார். எங்க வண்டிகளை ஒரு சுத்து சுத்திப் பாத்தார். தாரோட டயரைக் கையால தடவிப் பாத்தார்.

"மேல போறீங்களா சார்?"

"ஆமாண்ணே, சும்மா ஏறிப் பாக்கலாம்னு."

"நீங்க ஏறிடுவீங்க. நாலு சக்கரமும் மண்ணை வாரி எறியும், இந்த டயரு அப்படி. ஏறிடுவீங்க. நான் சாயங்காலம் இந்த அம்மாவை ஏத்திக்கிட்டு திரும்பணும்."

நண்பருக்கு முகம் சுண்டிப் போச்சு. "பொது வழிதானேண்ணே இது?"

"பொது வழிதான் சார். அதனாலதான் சொல்றேன்."

சண்டை போடற குரல் இல்ல அது. பஸ்ல கொஞ்சம் நகர்ந்து உக்காருங்கன்னு சொல்ற குரல். நான் குனிஞ்சு அவர் வண்டிக்கு அடியில பாத்தேன். முன் ஆக்ஸிலுக்குப் போற ஷாஃப்டே இல்ல. கேட்டா சிரிக்கிறார். "கழட்டி வீட்டுல போட்டு நாலு வருசம் ஆச்சு. டீசல் குடிக்குது, அடிக்கடி கிராஸ் போகுது. இருக்கிற ரெண்டு போதும், ஜனம் எறங்கி ஏறுதுல்ல."

அதாவது நாங்க லட்சக்கணக்குல குடுத்து வாங்கின ஃபோர் வீல் டிரைவை அவர் கழட்டிக் கடாசிட்டு, தினமும் ரெண்டு நடை அதே ஏத்தத்துல போயிட்டு வரார்.

அவர் சொன்னது வெறும் பயம் இல்ல. நனைஞ்ச களியில டயர் சுத்தினா ரெண்டு பக்கமும் வாய்க்கால் விழும். அடுத்த மழைத் தண்ணி அந்த வாய்க்கால்லயே ஓடி இன்னும் ஆழமா அரிக்கும். நடுவுல மேடு நிக்கும். ரெண்டு நாள் வெயில் காஞ்சா அது கல்லாயிடும். உசரமான வண்டி தாண்டிடும். பழைய ஜீப்போட டிஃபரென்ஷியல் உருண்டை அதுல போய் மோதும், சக்கரம் அந்தரத்துல தொங்கும். அப்புறம் அந்தத் தடத்துல ஜீப்பும் போகாது. உடம்பு முடியாதவங்களைத் துணியில டோலி கட்டித்தான் தூக்கிட்டு வரணும். எங்களோட அஞ்சு நிமிஷ ஏத்தத்துக்கு அவங்க குடுக்கப் போற விலை ஒரு மாசமோ ஒரு மழைக்காலமோ.

ஹவில்தார் சார் ஒண்ணும் பிரசங்கம் பண்ணல. "சரிங்க தலைவரே"ன்னு டிரைவருக்குக் கைகுடுத்துட்டு, எங்களைப் பாத்து, "ரிவர்ஸ்"ன்னார். திருப்ப எடம் இல்ல. ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் பாறை. மூணு வண்டியும் 200 மீட்டர் பின்னாடியே வரணும், அந்த ஜீப்புக்கு வழி விடணும். பின்னாடி ஒருத்தர் நின்னு கைகாட்ட, கண்ணாடியை நம்பாம அவர் கையை மட்டும் பாத்து ஓட்டணும். முக்கால் மணி நேரம் ஆச்சு. எந்த ஏத்தத்துலயும் வராத வேர்வை அன்னிக்கு வந்தது.

திரும்பி வர்றப்ப வெள்ளிமலையில டீக்கடையில நண்பர் பொரிஞ்சு தள்ளிட்டார். அவர் கட்சியிலயும் நியாயம் இருக்குங்க. நாம வந்தாத்தானே இங்க நாலு கடைக்கு யாவாரம்? 2018 கேரள வெள்ளத்துல ஆளுங்களைத் தூக்கிட்டு வந்தது இதே ஜீப் பசங்கதானே? பழகாம எப்படி வரும் அந்தத் திறமை? எல்லாம் சரி. ஆனா நீச்சல் பழகணும்னா குடிதண்ணிக் குளத்துல எறங்கலாமா? கொல்லை இருக்கு, கைவிட்ட கல்லுக்குழி இருக்கு, சொந்தக்காரர்கிட்ட கேட்டு வாங்கின புறம்போக்கில்லாத நெலம் இருக்கு. அங்க எவ்ளோ வேணா தோண்டலாம், சாயங்காலம் மம்முட்டி எடுத்து மூடிட்டு வரலாம்.

காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது சட்டப்படி குற்றம், அது 1882ஆம் வருஷத்து வனச்சட்டத்துலேயே இருக்கு. 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத்தீயில 20 பேருக்கு மேல செத்த பிறகு மலையேத்தத்துக்கே தனி விதி போட்டாங்க. கல்வராயன்ல எது காடு, எது பட்டா, எது ஊர்த் தடம்னு வெளியூர்க்காரன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால கேக்காம எறங்காதீங்க.

இந்த விஷயத்துல எனக்குப் பிடிச்சது கொழுக்குமலை ஏற்பாடு. தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்துல இருக்கு, ஆனா ஏறறது கேரளாவுல சூரியநெல்லிலேருந்து. அங்க உள்ளூர் டிரைவரோட ஜீப்புல நாம உக்காந்து போகணும். இடுப்பு ஒடியும், சந்தோஷத்துக்குக் கொறைவே இல்ல, காசும் அவங்களுக்கே போகுது. கல்வராயன்லயும் இப்படி ஒண்ணு வந்தா அந்த முன் ஷாஃப்டைத் திரும்ப மாட்டிக்க அவருக்குக் கட்டுபடியாகலாம். நண்பர்கிட்ட சொன்னேன். "அப்ப என் தாரை என்ன பண்றது?"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இன்னொரு டீ சொன்னேன்.

மனுஷன் கோவக்காரர்தான், ஆனா கெட்டவர் இல்ல. அடுத்த மாசம் கொல்லையில மறுபடி கூடினப்ப, டிக்கியிலேருந்து ஒரு இழுவைப் பட்டையை எடுத்து, "இது எட்டு டன் தாங்கும், அந்த அண்ணன்கிட்ட சேத்துடுங்க"ன்னார். வெள்ளிமலை டீக்கடையில குடுத்துட்டு வந்தேன். கடைக்காரர் அதை விரிச்சுப் பாத்துட்டு, இதுல லோடு கட்டினா அவுராது போலிருக்கேன்னார். இல்லீங்க, அது வண்டி மாட்டினா இழுக்கறதுக்குன்னு சொல்லி, எந்த எடத்துல கொக்கி மாட்டணும், நனைஞ்ச சாக்கை எங்க போடணும்னு ஹவில்தார் சார் சொன்னதை அப்படியே ஒப்பிச்சுட்டு வந்தேன்.

போக ஆசைப்படறவங்களுக்கு: பெட்ரோல் டீசலைக் கள்ளக்குறிச்சியிலயோ கச்சிராயபாளையத்துலயோ முழுசா நிரப்பிக்கங்க. தார் ரோட்டுலயே வெள்ளிமலை, கருமந்துறை சுத்திட்டு ஆத்தூர்ப் பக்கம் எறங்கலாம், சாதாரண காரே போதும். கொண்டை ஊசி வளைவுல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. எறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வாங்க, நியூட்ரல்ல உருட்டாதீங்க. மண் தடத்துல எறங்கித்தான் ஆகணும்னா மாசி, பங்குனியில போங்க, அதுவும் முந்தின நாள் ராத்திரி மழை பெஞ்சுதான்னு டீக்கடையில கேட்டுட்டு.